நான் திருத்திக் கெடுத்த பக்கம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஏழு பேருக்கும் வணக்கம்.

வகுப்பை எப்படி நடத்துவது என்று சொல்ல இதை எழுதவில்லை. அதற்கு நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு உண்டு. அதில் பத்துப் பக்கம் நான் எழுதியது. அந்தப் பத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். போன மாதத்தோடு நான் விலகிக்கொண்டேன். போகிற போக்கில், புதியவர்களுக்கு உற்சாகம் வரும்படி இரண்டு மூன்று பக்கம் எழுதித் தரச் சொன்னார் வைத்தி சார். பக்கங்களுக்கு நான் பொறுப்பு. உற்சாகத்துக்கு உத்தரவாதம் தர முடியாது.

நான் வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். எஸ்டேட் பிள்ளைகள் படிக்கும் தமிழ்வழிப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். ஓய்வு பெற்றதும் நானும் கணவரும் கம்பம்மெட்டுக்கு வந்துவிட்டோம். அவர் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டுக்குப் பக்கத்தில் ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோர். முன்னறையில் போன் கேரளத்தில் இருக்கும். துணி காயப்போடப் பின்பக்கம் போனால் தமிழ்நாட்டு டவரைப் பிடித்து, வருக வருக என்று செய்தி அனுப்பும். அந்தப் பக்கம்தான் சிக்னல் நன்றாக வரும் என்பதால் ஆறு வருடமும் அங்கேதான் நாற்காலி போட்டு வகுப்பு எடுத்தேன். எல்லை தாண்ட நான் செருப்புகூடப் போட்டதில்லை. என் மாணவர்களோ எல்லை தாண்டியதற்கு வருடக்கணக்கில் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

இந்தக் குழுவை நடத்தும் வைத்தி சார் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். என்னைச் சேர்ப்பதற்கு முன் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இங்கிலீஷ் பேச வருமா என்றார். முப்பத்தொரு வருடம் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"அது தெரியும் டீச்சர். பேச வருமோன்னாக்கும் கேட்டேன்."

அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை நேராகப் பதில் சொல்லவில்லை. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

என் வகுப்பில் பதினோரு பேர். எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். சிலர் வேலைக்காகப் போனவர்கள். பெரும்பாலோர் இலங்கையிலிருந்து போய் அடைக்கலம் கேட்டுக் காத்திருந்தவர்கள். எந்த நாடு என்பது வேண்டாம். குளிர் நாடு. அங்கே மதியமாகும்போது இங்கே நமக்குச் சாயங்காலம். ஏலத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த கம்பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையிறங்கும் நேரம். ஜீப் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். இங்கிலீஷுக்கு முன்னால் அவர்கள் என்னிடம் கற்றுக்கொண்டது அதைத்தான்.

விமானம் ஏறாத ஒருத்தி, இங்கிலீஷ்காரர்களின் தெருவில் குடியிருப்பவர்களுக்கு அந்தத் தெருவில் எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொடுத்தாள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் என்ன பேச வேண்டும் என்று ஒரு வாரம் பாடம் நடத்தினேன். கடைசி நாளில் ஒருவர் தயங்கித் தயங்கி, இங்கே பேருந்து நிறுத்தத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்றார். பாடத்தில் இருக்கிறதே என்றேன்.

அந்த வகுப்பில்தான் சுகந்தி இருந்தார். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுத அனுமதி கேட்டபோது, தன்னோடு படித்த தோழியின் பெயரைப் போடச் சொன்னார். வன்னியிலிருந்து போனவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒன்பது வயதில் ஒரு மகள். மூடிப்போன ஒரு ஹோட்டலை அகதிகள் விடுதியாக மாற்றியிருந்தார்கள். அதில் தாயும் மகளும் இன்னொரு குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தார்கள்.

முதல் மூன்று வாரம் சுகந்தி கேமராவைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடப் பழக்கம் எனக்கு. முகம் தெரியாத மாணவியை வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது என்று எல்லோர் முன்னாலும் கண்டிப்பாகச் சொன்னேன். உடனே திறந்தார். குளியலறையில், தொட்டியின் விளிம்பில், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் தாழ்ப்பாள் உள்ள கதவு அது ஒன்றுதான். வெளியே யாரோ தட்ட, மன்னிக்க வேண்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொருட்களை அள்ளிக்கொண்டு எழுந்து போனார்.

கேமராவைப் பற்றி நான் எழுதிய விதி கையேட்டில் இன்னும் இருக்கிறது. அடித்துவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறு மாதம் ஆனதும் ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். 'நான் இங்கே வந்த கதை', ஒரு பக்கம். பள்ளியில் 'என் சுற்றுலா' என்று எழுதச் சொல்வேன். அதன் வெளிநாட்டுப் பதிப்பு இது என்று நினைத்தேன் போலிருக்கிறது. எழுதியவர்கள் நோட்டைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். பிறகு வகுப்பில் படிக்க வேண்டும். நான் திருத்துவேன்.

சுகந்தியின் இங்கிலீஷில் அப்போது இறந்தகாலம் கிடையாது. எல்லாமே நடந்துகொண்டிருக்கும். அவர் எழுதியதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'ஷெல் வருது. நாங்கள் குழிக்குள்ள. தம்பி தண்ணிக்குப் போறான். தம்பி வரேல்லை. கேன் வருது.'

மற்ற வரிகளைத் திருத்திக்கொண்டே வந்தவள் கேனில் நின்றேன். தண்ணீர் கேன் எப்படி வரும்? யாரோ ஒருவர் அதைக் கொண்டுவந்து குழியின் வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார். அது அவருடைய தம்பியின் கேன். நிறைய தண்ணீர் இருந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எழுவாய் இல்லாத வாக்கியம் என்று சொல்லி எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். தாகத்தால் தவித்த எங்களுக்காகத் தண்ணீர் தேடிச் சென்ற என் அன்புச் சகோதரன் திரும்பி வரவே இல்லை, கனத்த இதயத்தோடு நாங்கள் பிறந்த மண்ணைப் பிரிந்தோம் என்கிற மாதிரி. இங்கிலீஷில் அது இன்னும் நன்றாக இருக்கும். மூன்று காற்புள்ளியும் ஓர் அரைப்புள்ளியும் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கும். எனக்கே பிடித்துப்போய் அதைத் திரையில் போட்டு எல்லோரையும் பார்த்து எழுதச் சொன்னேன். எல்லோரும் எழுதினார்கள். நல்ல பிரதி எடுத்தபின் பிழையான பக்கத்தைக் கிழித்துவிடுங்கள், பிழை கண்ணில் பட்டால் மனதில் நிற்கும் என்றும் சொன்னேன். அதையும் செய்தார்கள். அவ்வளவு கீழ்ப்படிந்த வகுப்பு எனக்கு முப்பத்தொரு வருடத்தில் வாய்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் வகுப்பு தொடங்கியதும் சுகந்தி ஒரு கடிதம் வந்திருப்பதாகவும் வாசிக்கலாமா என்றும் கேட்டார். வாசித்தார். ஒரு பக்கக் கடிதத்தைத் தடுமாறாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தார். முதல் பத்தி முடியும்வரை நான் உச்சரிப்பைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பத்தியில்தான் அது அடைக்கலம் மறுக்கப்பட்ட கடிதம் என்று எனக்கு உறைத்தது.

மறுத்ததற்கு அவர்கள் பல காரணம் எழுதியிருந்தார்கள். அவற்றில் இரண்டு என்னுடையவை. சுகந்தி தன் விண்ணப்பத்தோடு அந்தக் கட்டுரையை அழகாகத் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறார். அதே விடுதியில் இருந்த ரூபன் என்ற இளைஞரும் என் மாணவர்தான். அவரும் தன்னுடையதை இணைத்திருக்கிறார். கனத்த இதயத்து வாக்கியம் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. யாரோ எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்த கதை என்பது அவர்கள் முடிவு. இரண்டாவது, நேர்காணலில் சுகந்தி மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தண்ணீர் கேனைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் கேன் இல்லை. உண்மையில் நடந்திருந்தால் இவ்வளவு முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டிருப்பாரா என்று கேட்டிருந்தார்கள்.

வகுப்பில் மற்றவர்கள் ஒவ்வொருவராக மைக்கை அணைத்துக்கொண்டார்கள். சுகந்தி மட்டும் பேசினார். எங்கள் ஊரில் கேன் என்பதை அவர்கள் கான் என்பார்கள்.

"டீச்சர், அந்தக் கானை எடுத்தது நீங்கள் எண்டு நான் சொல்லட்டோ? உங்களுக்குக் கரைச்சல் எண்டால் சொல்லேல்லை."

எனக்குத் தொல்லை வருமென்றால் சொல்ல மாட்டாராம். என்னிடம் அனுமதி கேட்டார். மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அதை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

ஏன் நாளைக்கு? வைத்தி சாரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டேன். எழுத்தில் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வாக்கியம் எங்கள் வகுப்பில் எழுதிக்கொடுத்தது என்று நாமே ஒப்புக்கொண்டால், அங்கே இந்த வகுப்புக்குப் பொய்க்கதை தயாரிக்கும் இடம் என்று பெயர் வரும். சுகந்தியும் ரூபனும் போக மற்ற ஒன்பது பேரின் விசா, அடைக்கல விண்ணப்பங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அங்கே நம்மோடு சேர்ந்து நடத்தும் குழு விலகிக்கொள்ளும். "நாம பாஷை சொல்லிக் குடுக்கறோம். கேஸ் நடத்தறதில்லை" என்று முடித்துக்கொண்டார்.

ஒருத்திக்காக ஒன்பது பேரை ஆபத்தில் தள்ளலாமா என்று நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யோசிக்க யோசிக்க அது பெரிய தத்துவக் கேள்வியாக வளர்ந்துகொண்டே போனது. அந்தக் கேள்வியின் நிழலில் உட்கார்ந்திருப்பது வசதியாகவும் இருந்தது. என் கணவருக்கு வகுப்பு விஷயத்தில் ஒரு கருத்தும் கிடையாது. பம்பு மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நீ எழுதுனதை நீ எழுதுனேன்னு சொல்றதுக்கு என்னத்துக்கு இம்புட்டு யோசனை?"

ஒன்பது பேர் என்றேன். அந்த ஒன்பது பேரிடம் கேட்டாயா என்றார். இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொல்லி, நான் ஒப்புக்கொண்டால் உங்களுக்கும் இடைஞ்சல் வரலாம் என்றேன். பிறகு, எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். இரண்டு பேர் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு வகுப்புக்கும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ரூபன் கடைசியாகப் பேசினார். "எழுதிப் போடுங்கோ டீச்சர். நான் பார்த்து எழுதினது உண்மைதானே" என்றார்.

சுகந்தியின் வழக்கறிஞருக்கு என் எண் போனது. இளம்பெண். மறுநாளே கூப்பிட்டார். முப்பத்தொரு வருடம் இங்கிலீஷ் நடத்தியவள் முதல்முறையாக அந்த மொழிக்குப் பிறந்த ஒருத்தியோடு பேசினேன். மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். நான்காவது முறை புரிந்ததுபோல் 'எஸ்' என்றேன். என் மாணவர்கள் செய்வது அதைத்தான். கூடாது என்று நான் திட்டுவதும் அதைத்தான். அவர் சொன்னதில் ஒன்று தெளிவாகக் காதில் விழுந்தது. உங்கள் இங்கிலீஷ் மிக அழகாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை என்றார்.

என் கடிதம் மட்டும் போதாதாம். மாணவிக்காக ஆசிரியை எழுதும் கடிதத்தை யார் வேண்டுமானாலும் சந்தேகிக்கலாம். நான் திருத்துவதற்கு முன்பிருந்த பக்கம் வேண்டும்.

சுகந்தியிடம் கேட்டேன். "நீங்கள் சொன்னீங்கள் எல்லோ. கிழிச்சுப் போட்டன்" என்றார். அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அனுப்பிய படத்தை என் போனில் தேடினேன். இடம் போதவில்லை என்று பழைய படங்களையெல்லாம் நான்தான் அழித்திருந்தேன். பேத்தியின் பிறந்தநாள் படம் நாற்பது இருந்தது.

மிச்சம் இருந்தது வகுப்பின் ஒளிப்பதிவு. வராதவர்களுக்காக ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்வோம். அவை பாலக்காட்டில் வைத்தி சாரிடம் இருக்கும். வங்கிக்காரர். எதையும் தூக்கிப்போட மாட்டார். ஆனால் பங்கேற்பவர்களின் பதிவை வெளியார் யாருக்கும் தரக்கூடாது என்ற விதியை எழுதியவரும் அவர்தான். போனில் கேட்டால் அந்த விதியைச் சொல்வார். அதனால் நேரில் போனேன்.

காலையில் கம்பத்துக்கு இறங்கி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு. பகல் முழுக்கப் பேருந்து. கேரளத்திலிருந்து வெளியே போய், தமிழ்நாட்டைக் கடந்து, மறுபடியும் கேரளத்துக்குள் வந்தேன். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கண்டக்டரைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. அவரும் டிக்கெட்டுக்காகத்தான் கேட்டார்.

வைத்தி சார் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். காபி கொடுத்துவிட்டு, தேதி வாரியாக ஒட்டிவைத்த டிஸ்குகளில் ஒன்றை எடுத்து வந்து கணினியில் போட்டார். இரண்டு பேரும் பார்த்தோம்.

ஆறு வருடத்தில் என் வகுப்பை நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. சுகந்தி தன் பக்கத்தைப் படித்தார். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் படித்தார். கேன் வந்த இடத்தில் குரல் இறங்கியது. பதிவில் அது நன்றாகவே கேட்டது. வகுப்பில் எனக்குக் கேட்கவில்லை. அதற்கு மேலே என் குரல், ஒரு ஜீப்பின் இரைச்சலையும் தாண்டி:

"கேன் எப்படிம்மா தானா வரும்? அதுக்குக் காலா இருக்கு? எடுத்துடுங்க."

நான் சிரித்தும் இருந்தேன். வகுப்பைக் கலகலப்பாக வைத்துக்கொள்ளச் சிரித்தது. இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள். சுகந்தி ஓம் டீச்சர் என்று சொல்லி அடித்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

வைத்தி சார் நிறுத்தினார்.

"இதை அங்கே போட்டுக் காட்டினா மானம் போறது உங்களோடதாக்கும், டீச்சர்."

"ஆமா சார்."

"நம்மளோடதும்தான்."

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் எழுந்து போய் அந்த விதி அச்சடித்த தாளை எடுத்து வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் எழுதியதையே முதல்முறை படிப்பதுபோல் படித்தார்.

"வெளியாளுக்குத் தரப்படாதுன்னுதான் இருக்கு. அவா வெளியாள் இல்லையே. அவா கிளாஸ், அவா குரல். அவாளே ஒரு அபேக்ஷை எழுதித் தரட்டும். இங்கிலீஷ்ல."

ஒரு வங்கிக்காரருடைய மனம் இளகினால் அது விண்ணப்பப் படிவமாகத்தான் வெளியே வரும். நான் குறை சொல்லவில்லை. எனக்கு இளகிய மனம் நிறைய உண்டு, அது என்ன செய்தது என்று பார்த்தீர்களே.

அங்கிருந்தே சுகந்திக்குச் சொன்னேன். அரை மணி நேரத்தில் எழுதி எனக்கு அனுப்பினார். ஐந்து வரி, அதில் நான்கு பிழை. என் விரல் தானாகவே தட்டத் தொடங்கிவிட்டது. வைத்தி சார் எட்டி என் போனைப் பார்த்தார்.

"திருத்தப்படாது."

அப்படியே அனுப்பச் சொன்னேன். ஆறு வருடத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான். இதை நீங்கள் நம்ப வேண்டாம், முதல் மாதத்திலேயே உங்களுக்கும் அது வாய்க்கும். எதிரே ஒரு பிழை இருக்கும், கையில் பேனா இருக்கும். அதை எழுதியவருக்கு உதவுகிறோமா, நம் கை அரிப்பைத் தீர்த்துக்கொள்கிறோமா என்று அந்த நொடியில் தெரியாது. தெரியாதபோது பேனாவை மூடிவிட்டு, இதில் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் பாலக்காட்டுக்குப் பேருந்து ஏறியிருக்க மாட்டேன்.

பதிவு போனது. வாக்கியம் என்னுடையது, கேனை எடுத்ததும் நான்தான் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நானும் அனுப்பினேன். அந்தப் பக்கத்தில் ஓர் அரைப்புள்ளிகூட வைக்கவில்லை.

விசாரணை நாளில் நான் வகுப்பு எடுக்கவில்லை. பின்பக்கம் நாற்காலியில் போனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜீப்புகள் எல்லாம் இறங்கிப் போய், ஸ்டோரைப் பூட்டிய பிறகு சுகந்தி கூப்பிட்டார். நீதிபதி ஒரு பெண்மணியாம். பதிவை முழுக்கப் போடச் சொல்லிக் கேட்டாராம். மொழிபெயர்ப்பாளர் என் வரிகளை இங்கிலீஷில் சொன்னபோது, காலா இருக்கு என்ற இடத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னாராம். அதன் பிறகு கேனைப் பற்றி சுகந்தியிடம் நேராகக் கேட்டிருக்கிறார். என்ன நிறம், யார் கொண்டுவந்தார்கள், அந்தத் தண்ணீரை என்ன செய்தீர்கள் என்று. குடித்தோம் என்று சுகந்தி சொன்னாராம்.

நீதிபதி வேறு ஏதாவது கேட்டாரா என்றேன்.

"இந்த டீச்சர் எப்பவும் இப்பிடித்தானோ எண்டு கேட்டவா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓம் எண்டு சொன்னனான். பொய் சொல்லேலாது எல்லோ, டீச்சர்."

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சுகந்திக்கும் மகளுக்கும் அங்கே இருக்க அனுமதி கிடைத்தது. கேன் பற்றிய முரண்பாடு விளக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். வகுப்பு மூடப்படவில்லை. யாருடைய விண்ணப்பத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததாகவும் தெரியவில்லை. நாங்கள் பயந்த அளவுக்கு எங்களை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் இந்தக் கதை எல்லோருக்கும் நல்லபடி முடிந்தது என்று எழுதினால் நான் மறுபடியும் அதே வேலையைச் செய்தவளாவேன். ரூபன் இன்னும் காத்திருக்கிறார். அவருடைய இங்கிலீஷ் இப்போது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதனால் அவருக்கு ஒரு பயனும் இதுவரை இல்லை. வராமல் போன இரண்டு பேரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு முறை செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. உங்களில் யாராவது ஒருவருடைய வகுப்பில் அவர்கள் வந்து சேர்ந்தால் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். சேர்த்துக்கொள்ளுங்கள், போதும்.

அனுமதி வந்தபின் சுகந்தி வேலை தேடினார். மகள் படிக்கும் பள்ளியிலேயே மதிய உணவு நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மனுப் போட்டார். தன்னைத் தெரிந்த ஒருவருடைய பெயர் கொடுக்க வேண்டுமாம். என் பெயரைக் கொடுத்துவிட்டார். அந்தப் பள்ளியிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. எத்தனை வருடமாகத் தெரியும், என்ன உறவு என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு பெரிய கட்டம். இவர் நம்பத் தகுந்தவரா? தேவையானால் கூடுதல் தாள் இணைக்கலாம்.

முதலில் பதினோரு வரி எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ஒரு முறை படித்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்தப் பெரிய கட்டத்தின் ஒரு மூலையில் 'ஆம்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.